ஷோப்பானின் முதல் பாலாட்: கோடாவில் கை ஏன் பூட்டிக்கொள்கிறது?

கேள்வியின் சுருக்கம் இது. டிரினிட்டி பியானோ தேர்வுகளில் எட்டாம் கிரேடு முடித்த ஒரு வாசகர், ஒரு வருடமாக போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானின் ஜி மைனர் பாலாட் என்ற பியானோ படைப்பை (ஓபஸ், அதாவது படைப்பு எண், 23) வாசித்து வருகிறார். மற்ற பகுதிகள் ஓரளவு வந்துவிட்டன, கடைசியில் வரும் கோடா, அதாவது முடிவுப் பகுதி, மட்டும் வேகம் பிடிக்கவில்லை. தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை தினமும் ஒரு படி ஏற்றிப் பார்த்திருக்கிறார், ஒரு எண்ணுக்கு மேல் கை இறுகிவிடுகிறது, முன்கை வலிக்கிறது. விரலில் பலம் போதவில்லையா, ஹானானின் விரல் பயிற்சிகளைச் செய்யவேண்டுமா, இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்கிறார்.

முதலில் வலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். பொறுத்துக்கொண்டு வாசித்தால் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். களைப்பு வேறு, வலி வேறு. ஓய்வெடுத்தும் போகாத வலி, மரத்துப்போதல், விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், அதற்கு அப்புறம்தான் பாலாட். இசையமைப்பாளர் ஷூமான் இருபதுகளின் தொடக்கத்திலேயே வலது கை விரலைக் கெடுத்துக்கொண்டு, பியானோ கலைஞராகும் ஆசையைக் கைவிட்டார். அதற்குக் காரணம் என்ன என்பதில் பல கருத்துகள் உண்டு, விரலைப் பழக்க அவர் பயன்படுத்திய கருவி என்பது அவற்றில் ஒன்று. பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1964இல் வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் தாமாகவே சுருண்டுகொள்ளத் தொடங்கின, முப்பது வருடத்துக்கு மேல் பெரும்பாலும் இடது கைக்கான படைப்புகளையே வாசித்தார். தன் அளவுக்கு மீறிய பயிற்சியும் அதற்கு ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்களுக்கு அப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. கை அனுப்பும் செய்தியை மதிக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, விரல் பலம். பியானோவின் ஒரு கீயை இறக்கச் சுமார் 50 கிராம் எடை போதும், அது இறங்கும் ஆழம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். எட்டாம் கிரேடு தாண்டிய ஒருவருக்கு இதற்கான பலம் எப்போதோ வந்திருக்கும். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. கீ அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கீயின் பிடியிலிருந்து விடுபட்டுத் தானாகப் பறந்து கம்பியை அடிக்கிறது. அதன் பிறகு நீங்கள் கீயை எவ்வளவு அழுத்தினாலும் ஒலியில் எந்த மாற்றமும் வராது. ஆனால் கோடா மாதிரியான இடத்தில் பெரும்பாலானோர் ஒவ்வொரு சுரத்துக்கும் கீயின் அடியில் போய் அழுத்திக்கொண்டே நிற்கிறார்கள். அடுத்த விரல் கிளம்பும்போது முந்தைய விரலின் அழுத்தம் இன்னும் விடவில்லை, அதற்கு மேல் இன்னொரு அழுத்தம், இப்படியே சேர்ந்து சேர்ந்து பத்துப் பன்னிரண்டு பாருக்குள் (பார் என்பது இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாள அளவு) முன்கை கல்லாகிவிடுகிறது. நீங்கள் சொல்கிற பூட்டிக்கொள்ளுதல் இதுதான். இதற்கு ஹானான் மருந்தில்லை, பல நேரம் அதே அழுத்தத்தை இன்னும் ஆழமாகப் பழக்கிவிடும். ஆக, நீங்கள் பயிலவேண்டியது அழுத்தியதை உடனே விடுவதை.

அடுத்தது மெட்ரோனோம். தினம் ஒரு படி ஏற்றுவது ஸ்கேலுக்கும் எளிதான பகுதிகளுக்கும் வேலை செய்யும், கோடாவுக்குச் செய்யாது. மெதுவாக வாசிக்கும்போது கை செய்யும் அசைவும் வேகத்தில் செய்யவேண்டிய அசைவும் ஒன்றல்ல. மெதுவில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனியாக விரலைத் தூக்கி இறக்க நேரம் இருக்கிறது. வேகத்தில் நாலைந்து சுரங்கள் சேர்ந்து முன்கையின் ஒரே திருப்பலாகவோ மணிக்கட்டின் ஒரே வீச்சாகவோ ஆகவேண்டும். மெதுவான அசைவையே படிப்படியாக வேகப்படுத்திக்கொண்டு போனால் ஒரு எண்ணில் அந்த அசைவின் எல்லை வந்துவிடும். அங்கேதான் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள், அந்த எண்ணில் இன்னும் ஆறு மாதம் தட்டினாலும் நகராது.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இது உடனே பிடிபடும். வரிசைகளை முதல் காலத்தில் பாடிவிட்டு நேராக இரண்டாம் காலத்துக்குத் தாவுகிறோம், தாளம் அப்படியே நிற்க, சுரங்கள் இரட்டிக்கின்றன, இடையில் படிகள் கிடையாது. அந்தத் தாவலில் குரல் வேறு மாதிரி இயங்கக் கற்றுக்கொள்கிறது.

கோடாவில் நான் மாணவர்களைச் செய்யச் சொல்வது இதுதான். 208ஆம் பாரில் பிரெஸ்டோ கோன் ஃபுவோகோ (மிக வேகமாக, நெருப்போடு) என்று தொடங்குகிறதே, அங்கே வலது கையில் இரட்டைச் சுரமும் ஒற்றைச் சுரமும் மாறி மாறி வரும், கை திறந்து மூடித் திறந்து மூடிப் போகும். முதல் நாலு எட்டிலொன்று சுரங்களையும் ஐந்தாவதையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில், ஒரே மூச்சில் அடித்து ஐந்தாவதில் நில்லுங்கள். நின்ற இடத்தில் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இடது கையால் வலது முன்கையைத் தொட்டுப் பார்த்தால் உடனே தெரியும், தசை மெத்தென்று இருக்கவேண்டும். இறுகியிருந்தால் அந்த ஐந்து சுரம் உங்களுக்கு இன்னும் வரவில்லை, சரியான சுரங்கள் விழுந்திருந்தாலும். தளர்ந்த பிறகு ஐந்தாவதிலிருந்து அடுத்த ஐந்துக்கு. அப்புறம் தொடக்கத்தை ஒரு சுரம் தள்ளி வைத்து, அதாவது இரண்டாவதிலிருந்து ஆறாவது வரை. இப்படிக் கூறுபோடும் இடத்தை மாற்றிக்கொண்டே வந்தால் எந்த இணைப்பில் கை தடுமாறுகிறது என்று துல்லியமாகப் பிடிபடும். பெரும்பாலும் ஒரு பாரில் ஒன்றோ இரண்டோ இணைப்புகள்தான் சிக்கல், மீதி எல்லாம் ஏற்கெனவே வரும். பிறகு இரண்டு துண்டுகளைச் சேர்த்து, நாலைச் சேர்த்து, ஒரு பார், இரண்டு பார் என்று நீட்டுங்கள். ஆரம்பத்திலிருந்தே வேகம் இருக்கிறது, நீளம்தான் கூடிக்கொண்டு போகிறது.

விரல் எண்களையும் இந்த வேகத்தில் வைத்தே முடிவு செய்யுங்கள். மெதுவில் வசதியாக இருக்கும் விரலமைப்பு வேகத்தில் காலை வாரிவிடும், கட்டைவிரலை அடியில் நுழைக்கும் இடங்களில் குறிப்பாக. முடிவு செய்த பிறகு பென்சிலால் எழுதிவைத்து, மாற்றாதீர்கள்.

இடது கையைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. கோடாவில் அது அடிமட்ட பாஸிலிருந்து மேலே கோர்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்துக்கு) தாவிக்கொண்டே இருக்கிறது. வலது கையில் நடக்கும் தவறுகளில் பாதி, கண்ணும் மனமும் இந்தத் தாவலின் பின்னால் ஓடுவதால் வருகிறவை. அதனால் இடது கையை மட்டும் தனியாக, மனப்பாடமாக, கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு ஒரு வழி: பாஸை அடித்த கணமே கோர்டின் மேல் தாவி, கீகளை அழுத்தாமல் தொட்டு மட்டும் நில்லுங்கள். எல்லா விரலும் சரியான கீயின் மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அழுத்துங்கள். தாவல் வேகமாக, அழுத்துவது நிதானமாக. கொஞ்ச நாளில் கைக்குத் தூரம் பழகிவிடும். ரூபாட்டோவை, அதாவது உணர்ச்சிக்கேற்ப வேகத்தை நெகிழ்த்தி வாசிப்பதைப் பற்றி ஷோப்பான் தன் மாணவர்களிடம், இடது கைதான் இசைக்குழுவை நடத்துபவர், அது தாளத்தை விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். கோடாவில் ரூபாட்டோவுக்கு அதிகம் இடமில்லைதான், ஆனாலும் இடது கை உறுதியாக நடந்தால் வலது கை அதன் மேல் ஏறிக்கொள்ளும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று, என் கணக்கில் இதுதான் முக்கியமானது. கோடாவில் தெரிகிற சிக்கல் பெரும்பாலும் கோடாவில் தொடங்குவதில்லை. கோடாவைத் தனியாக, புத்துணர்ச்சியான கையோடு வாசித்துப் பாருங்கள். ஓரளவு வரும் என்று நினைக்கிறேன். முழுப் பாலாட்டையும் வாசித்துக்கொண்டு வந்தால்தான் விழும். 166ஆம் பாரில் இரண்டாம் கருப்பொருள் முழு பலத்தோடு திரும்பி வருகிறது, 194இல் முதல் கருப்பொருள் திரும்பி, அடங்கிய குரலில் ஆரம்பித்துப் பொங்கிக்கொண்டே போய், கோடாவுக்கு நேர் முன்னால் முடிந்த அளவு பலமாக என்று எழுதியிருக்கிறது. எல்லோரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு தோளைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்கிறார்கள். அந்தத் தூக்கிய தோளோடு பிரெஸ்டோவில் நுழைந்தால் எந்தக் கையும் ஓடாது. 194 முதல் 210 வரையுள்ள பார்களை ஒரு தனிப் பயிற்சியாக எடுங்கள். உச்சக் கோர்டுகளை அடித்த உடனே மூச்சை வெளியே விட்டு, தோளை இறக்கி, கோடாவின் முதல் பாரைச் சற்று மென்மையாகவே தொடங்கிப் பாருங்கள். வேகமும் வலுவான அழுத்தக்குறிகளும் இருக்கிற இடம் அது, கேட்பவருக்கு மென்மையாகத் தெரியாது. பலம் வேண்டிய இடம் பின்னால் இருக்கிறது, அங்கே செலவு செய்யலாம்.

இதேபோல் 106ஆம் பாரின் ஏ மேஜர் உச்சம். அதுவரை மெல்லிய குரலில் கேட்ட இரண்டாம் கருப்பொருள் திடீரென்று பெரிய கோர்டுகளும் ஆக்டேவுகளுமாக (ஒரே சுரம் இரண்டு ஸ்தாயியில் சேர்ந்து) எழுந்து நிற்கிற இடம், வாசிக்கிறவருக்கே மயிர்க்கூச்செறியும். அங்கே எல்லாச் சக்தியையும் கொட்டிவிட்டால் 138இல் வரும் வால்ஸ் போன்ற இலகுவான பகுதியில் விரல்கள் களிமண்ணாக இருக்கும். எல்லாச் சுரத்தையும் ஒரே பலத்தில் அடிக்காமல் கோர்டின் மேல் சுரத்தையும் பாஸையும் மட்டும் ஒலிக்கவிட்டு நடுவில் இருப்பதைக் குறைத்தால், கேட்பவருக்கு ஒலி பெரிதாகவும் உங்களுக்கு வேலை பாதியாகவும் இருக்கும். இது சிக்கனத்துக்காக மட்டும் சொல்வதில்லை, நன்றாக ஒலிப்பதும் அப்படித்தான்.

மெதுவான பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இசையமைப்பாளரும் பியானோ மேதையுமான ரக்மானினோவின் வீட்டுக்குப் போன பியானோ கலைஞர் ஆப்ரம் சேஸின்ஸ், வெளியே நின்றபடி உள்ளே வரும் பியானோ ஒலியைக் கேட்டு, என்ன வாசிக்கிறார் என்றே முதலில் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். ஷோப்பானின் ஓபஸ் 25இல் ஆறாவதான எட்யூட்தான் (பயிற்சிப் படைப்பு) அது, மின்னல் வேகத்தில் போகவேண்டியது. ஒரு பாருக்கு 20 விநாடி வீதம் போய்க்கொண்டிருந்ததாம், ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு. அந்த அளவு மெதுவாகப் போனால் விரலின் பழக்கம் உதவிக்கு வராது, ஒவ்வொரு சுரத்தையும் மனம் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். காதும் நினைவும் அங்கேதான் உருவாகின்றன. ஆகவே மிக மெதுவாகவும் செய்யுங்கள், சிறு துண்டுகளாக முழு வேகத்திலும் செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அரைவேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுவதுதான் வீண்.

எவ்வளவு நேரம் என்றால், நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. தினமும் ஆறு மணி நேரம் பயிற்சி செய்வதாகச் சொன்ன ஒரு மாணவியிடம் ஷோப்பான் கோபப்பட்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று தடுத்தார். வேலைக்குப் போகிறவர்களுக்கு மூன்று மணி நேரமே கனவுதான். இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகை ஆசிரியராக இருந்த ஆலன் ரஸ்பிரிட்ஜர் 2010இல் இதே பாலாட்டைக் கற்கத் தொடங்கினார். காலையில் 20 நிமிடம் கிடைத்தால் பெரிது என்ற நிலை, விக்கிலீக்ஸ் விவகாரம் வெடித்த காலம் அது. ஒரு வருடத்தில் முடிக்க நினைத்தது 16 மாதம் ஆனது, ஆனால் நண்பர்கள் முன்னால் வாசித்துவிட்டார். அவர் தொழில்முறைக் கலைஞர் அல்ல, ஐம்பதைத் தாண்டியவர். 20 நிமிடத்தில் என்ன செய்யமுடியும் என்றால், ஒரு நாளைக்கு இரண்டு பார், அவ்வளவுதான், ஆனால் அந்த இரண்டு பாரில் மட்டும் முழுக் கவனம். உட்கார்ந்ததும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கி ஓட்டிப்பார்க்கும் பழக்கம் இருந்தால் அதைக் கண்டிப்பாக விட்டுவிடுங்கள். முதல் பக்கம் உலகத்தரத்திலும் கடைசிப் பக்கம் பரிதாபமாகவும் இருப்பதற்கு அதுதான் காரணம். இந்தப் படைப்பில் 264 பார்கள், கோடா கடைசி 57 பார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் கோடாவைத்தான் முதல் மாதமே கொடுப்பேன், ஏனென்றால் ஊறுவதற்கு அதிக காலம் வேண்டியது அதற்குத்தான்.

இன்று மாலை வராத துண்டு நாளைக் காலையில் வந்துவிடுவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். தூக்கத்தில் கைப்பழக்கம் படிகிறது. அதனால் ஒரே துண்டை ஒரு மணி நேரம் தேய்ப்பதைவிடப் பத்து நிமிடம் செய்து, வேறொரு பகுதிக்குப் போய், திரும்ப வந்து இன்னும் ஐந்து நிமிடம் செய்வது நல்லது. திரும்பி வரும்போது முதல் தடவை எப்படி வருகிறது என்பதுதான் உண்மையான நிலை. எட்டாவது தடவையில் சரியாக வருவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், மேடையில் எட்டாவது தடவை கிடையாது.

மனப்பாடத்துக்கும் இதையே சொல்வேன். கை மட்டும் நினைவு வைத்திருந்தால் கோடாவில் ஒரு சுரம் தவறினாலும் மொத்தமும் சரிந்துவிடும், மீண்டும் ஏறிக்கொள்ள இடம் இருக்காது. எந்தக் கோர்டிலிருந்து எந்தக் கோர்டுக்குப் போகிறது என்று பியானோ இல்லாமல், தாளைப் பார்த்துப் படியுங்கள். பியானோ ஆசிரியர் கார்ல் லைமரும் அவருடைய மாணவரான பியானோ கலைஞர் கீஸகிங்கும் இப்படித்தான் பயின்றார்கள், பியானோவில் உட்காரும் முன்பே படைப்பு தலைக்குள் இருக்கும். அந்த அளவு நமக்கு வராவிட்டாலும், கோடாவில் நாலைந்து இடங்களை அடையாளமாக வைத்து, அவற்றில் எதிலிருந்தும் தொடங்க முடியும் என்ற நிலை வந்தால் பயம் பாதி போய்விடும். முடிவில் வரும் ஓட்டங்களுக்கு இது மிகவும் உதவும். இரு கைகளும் பத்து சுர இடைவெளியில் சேர்ந்து ஏறும் ஸ்கேல், பிறகு எதிரெதிர்த் திசையிலிருந்து நெருங்கி வந்து சேர்ந்து கீழே இறங்கும் ஆக்டேவுகள், இவை கையால் மட்டும் நினைவில் நிற்கவே நிற்காது. ஆக்டேவுகளில் கட்டைவிரல் சுரங்களை மட்டும் முதலில் தனியாக வாசியுங்கள், அது துல்லியமானால் சுண்டுவிரல் பின்னாலேயே வரும்.

பயிற்சிப் புத்தகத்துக்கு ஆசைப்பட்டால், பியானோ கலைஞர் ஆல்ஃபிரெட் கோர்டோ தயாரித்த ஷோப்பான் பதிப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு கடினமான இடத்துக்கும் அந்த இடத்திலிருந்தே பயிற்சிகளை உருவாக்கித் தந்திருக்கிறார். ஹானானைவிட இது நூறு மடங்கு மேல். அவர் கொடுத்திருக்கும் அத்தனையும் செய்யத் தேவையில்லை, உங்கள் சிக்கலுக்கு எது பொருந்துகிறதோ அதை எடுங்கள், அல்லது அவரைப் பார்த்து நீங்களே உருவாக்குங்கள்.

ஆனால் வாசிக்கும் தாள் வேறாக இருக்கட்டும். எகியர் தொகுத்த போலந்து தேசியப் பதிப்போ ஹென்லே பதிப்பகத்தின் பதிப்போ நல்லது. இதில் ஒரு சுவாரசியமான இடம் உண்டு. முன்னுரையின் கடைசிக் கோர்டில், ஏழாம் பாரில், இடது கையில் ஒரு ஈ ஃபிளாட் இருக்கிறது, கேட்டால் உறுத்தும், தவறான சுரமோ என்று தோன்றும். சில பழைய பதிப்பாளர்கள் அதை டி என்று திருத்தியே அச்சிட்டார்கள். ஷோப்பான் எழுதியது ஈ ஃபிளாட். கனத்த ஆக்டேவில் தொடங்கி மேலே ஏறி, தயங்கித் தயங்கி இறங்கி வந்து, ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நிற்கிற முன்னுரை அது. உறுத்தலைத் திருத்திவிட்டால் கேள்வியே போய்விடுகிறது. அந்தக் கோர்டை எவ்வளவு நேரம் காற்றில் நிறுத்துவது, அதிலிருந்து எட்டாம் பாரின் முதல் கருப்பொருளுக்கு எப்படி நழுவுவது என்று கேட்டுக் கேட்டுப் பார்ப்பதும் பயிற்சிதான். கோடாவிலேயே ஒரு வருடம் கிடந்தவர்கள் இதையெல்லாம் மறந்துவிடுகிறார்கள். 1836இல் ஷூமான் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் படைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பாலாட் என்று ஷோப்பானிடம் சொன்னதாகவும், அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, எனக்கும் இதுதான் மிகவும் பிரியமானது என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். அந்தப் பிரியம் இருக்கும் இடங்களையும் நாள்தோறும் கொஞ்சம் வாசியுங்கள், 68ஆம் பாரின் இரண்டாம் கருப்பொருளை முக்கியமாக. அங்கே கை எப்படி இலகுவாக இருக்கிறதோ அதே கைதான் கோடாவிலும் வேண்டும்.

டிஜிட்டல் பியானோவில் பயிற்சி செய்கிறவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை. நல்ல டிஜிட்டலில் கோடாவைத் தாராளமாகக் கற்கலாம், ஆனால் ஒலியைக் கூட்டிவைத்துக்கொண்டு வாசிக்காதீர்கள், கோர்டின் மேல் சுரத்தைத் தனித்துக் கேட்கும் பழக்கம் வராது. மேடைக்கு முன் பல தடவை உண்மையான பியானோவில் வாசித்துவிடுங்கள், முடிந்தால் வெவ்வேறு பியானோக்களில். ஆக்டேவின் அகலம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான், கீயின் கனமும் பெடலின் பிடியும் ஒவ்வொன்றிலும் வேறு. கோடாவில் பெடலை அந்தந்த அரங்கில் காதை வைத்துத்தான் தீர்மானிக்கமுடியும், வீட்டில் முடிவு செய்த பெடல் ஒரு பெரிய கூடத்தில் எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

காலம் எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு வருடம் உழைத்திருக்கிறீர்கள், சுரங்கள் எல்லாம் தெரியும், அதனால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. வலி போனதும் இரண்டு வாரம் கோடாவை முழுதாக வாசிக்கவே வாசிக்காதீர்கள், துண்டுகள் மட்டும். பழைய இறுக்கத்தோடு ஒரு தடவை ஓட்டினால் கை பழையதற்கே திரும்பிவிடும். அதன் பிறகு 194இலிருந்து முடிவு வரை வாரத்தில் ஒன்றிரண்டு தடவை மட்டும் ஓட்டிப் பார்த்து, எங்கே இறுகுகிறது என்று குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் அந்த இடங்களை மட்டும் எடுங்கள். மூன்று நாலு மாதத்தில் நல்ல மாற்றம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் கை அசைவை நேரில் பார்த்துச் சொல்லும் ஒரு ஆசிரியரிடம் போங்கள். முழங்கை உடம்போடு ஒட்டியிருப்பது, நாற்காலி இரண்டு அங்குலம் தாழ்ந்திருப்பது போன்ற விஷயங்களை எழுத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது, பக்கத்தில் நின்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.